நஞ்சேறிய மரக்கழிவும் பூஞ்சைகளும்: எதைத் தூய்மை என்கிறோம்?

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ஃபகத்தானே என்னும் சிறு கடலோர நகரம் இருக்கிறது. அங்கிருந்த மரம் அறுக்கும் ஆலையில் 1950-கள் தொடங்கி 1980-களின் பிற்பகுதி வரை, புதிதாக அறுத்த பலகைகளைப் பென்டாகுளோரோபீனால் என்ற வேதிப்பொருளின் கரைசலில் தோய்த்தெடுத்தனர். ஈரப் பலகையில் பூஞ்சை படர்ந்து நீலக் கறை விழுவதைத் தடுப்பது அதன் நோக்கம். கரைசல் சொட்டச் சொட்ட வந்த பலகைகளைத் தொழிலாளர்கள் கையால் இழுத்து, தரம் பிரித்து, அடுக்கினர். அவர்களில் பலர் அம்மண்ணின் தொல்குடிகளான மாவோரி மக்கள். ஆலையின் மரத்தூளும் பட்டையும் துண்டு மரமும் நகரைச் சுற்றிப் பல பள்ளங்களில் நிலம் மேடாக்கக் கொட்டப்பட்டன. ஆலையின் மழைநீர் வடிந்த கோபியோபியோ கால்வாயின் வண்டலில் நஞ்சு தங்கியது. மாவோரி மக்கள் விலாங்கு மீன் பிடித்து உண்ட நீர்நிலைகளோடு தொடர்புடைய கால்வாய் அது.

அந்தத் தொழிலாளர்கள் நோயுற்றபோது, நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு உண்டு என்பதற்குச் சான்று கேட்கப்பட்டது. ஜோ ஹராவிரா என்ற முன்னாள் தொழிலாளியும் அவருடைய தோழர்களும் 'நஞ்சுகளுக்கு எதிரான மர ஆலைத் தொழிலாளர்கள்' என்ற அமைப்பைக் கட்டினர். உடன் வேலை செய்தோரின் நோய்களையும் சாவுகளையும் தாங்களே பதிவு செய்தனர். கழிவு கொட்டப்பட்ட இடங்களைத் தங்கள் நினைவிலிருந்து அடையாளம் காட்டினர். நீண்ட போராட்டத்திற்குப் பின்னரே அரசு அவர்களுக்கென ஒரு மருத்துவச் சேவையை ஏற்படுத்தியது. கால்வாயின் வண்டல் தோண்டி எடுக்கப்பட்டுப் பாதுகாப்பான தேக்கிடங்களில் வைக்கப்பட்டது. அந்த வண்டலின் நஞ்சைக் குறைக்கும் முயற்சியில் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் மரங்களின் வேர்களும் சோதித்துப் பார்க்கப்பட்டன. மாவோரி மக்களின் உயர்கல்வி நிறுவனமான அவானுயாரங்கியும் இம்முயற்சியில் பங்கேற்றது.

வேதிப்பொருள் ஊட்டிய மரக்கழிவைப் பூஞ்சைகளைக் கொண்டு தூய்மைப்படுத்த முடியுமா என்ற கேள்வி நம் காலத்துச் சூழலியல் உரையாடல்களில் அடிக்கடி எழுகிறது. 'காளான் நஞ்சைத் தின்றுவிடும்' என்ற மகிழ்ச்சியான தலைப்புகளையும் காண்கிறோம். இதில் எவ்வளவு உண்மை, எங்கே அது நின்றுவிடுகிறது, நின்ற இடத்திலிருந்து மிச்ச நஞ்சைச் சுமப்பவர் யார் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறோம். கழிவு என்பது இந்நாட்டில் சாதியோடு பிணைக்கப்பட்ட வேலை என்பதால், இக்கேள்வியை ஆய்வகத்தோடு விட்டுவிட நம்மால் இயலாது.

மரத்திற்கு ஏன் நஞ்சு ஊட்டுகிறார்கள்?

மரம் மக்குவது இயற்கை. கரையானும் பூஞ்சையும் கடல்நீரில் வாழும் மரந்துளைக்கும் உயிரிகளும் அதை உண்கின்றன. இருப்புப்பாதைக் கட்டை, மின்கம்பம், படகுத்துறைத் தூண், வேலிக்கால் போன்றவை மண்ணிலும் நீரிலும் பல்லாண்டு நிற்க வேண்டியவை. அவற்றுக்கு மூன்று வகை மருந்துகள் பெருமளவில் ஊட்டப்பட்டு வந்துள்ளன.

முதலாவது கிரியோசோட். நிலக்கரித் தாரிலிருந்து வடிக்கப்படும் கறுத்த எண்ணெய் இது. பழைய இரயில் தண்டவாளக் கட்டைகளின் அருகே நின்றவர் எவருக்கும் அதன் நெடி தெரியும். பல வளையங்கள் கோத்த கரிம மூலக்கூறுகள் இதில் மிகுதி. அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்குபவை.

இரண்டாவது, ஃபகத்தானேயில் பயன்பட்ட பென்டாகுளோரோபீனால். ஒரு பென்சீன் வளையத்தில் ஐந்து குளோரின் அணுக்கள் ஒட்டிய மூலக்கூறு. தொழிற்சாலையில் தயாராகும்போதே டயாக்சின்கள் கலப்படமாக அதில் சேர்ந்துவிடுகின்றன. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துள்ளது.

மூன்றாவது சி.சி.ஏ. எனப்படும் குரோமியம், செம்பு, ஆர்செனிக் கலவை. இதன் பிறப்பிடம் இந்தியா. 1930-களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசன் இக்கலவையைக் கண்டறிந்தார். ஆர்செனிக், செம்பு ஆகியவற்றின் வேதிக்குறியீடுகளைச் சேர்த்து 'அஸ்கு' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. செம்பு பூஞ்சையைத் தடுக்கிறது. ஆர்செனிக் பூச்சிகளையும், செம்பைத் தாங்கும் பூஞ்சைகளையும் கொல்கிறது. குரோமியம் இரண்டையும் மரநாரோடு பிணைத்து நிறுத்துகிறது. மூடிய உருளைக் கலனில் மரத்தை வைத்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, அழுத்தத்தில் கரைசலை உள்ளே செலுத்துவார்கள். வெளிவரும் மரத்தில் மெல்லிய பச்சை நிறம் இருக்கும். வெயில் பட்டுச் சில ஆண்டுகளில் அந்நிறம் மங்கிவிடுவதால், பழைய மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் காண்பது கடினம். இந்த எளிய உண்மை பின்னால் வரும் பல துயரங்களுக்குக் காரணமாகிறது.

அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டிற்கான மரத்தில் சி.சி.ஏ. ஊட்டுவதை உற்பத்தியாளர்கள் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு கைவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியமும் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தது. ஆனால் மரத்தின் ஆயுள் தடையாணையின் தேதியைவிட நீண்டது. அதற்கு முன் ஊட்டப்பட்ட மரம் இன்றும் வீடுகளிலும் வேலிகளிலும் நிற்கிறது. ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதி கழிவாகி வெளியே வருகிறது.

பூஞ்சை உண்மையில் என்ன செய்கிறது?

மரத்திற்கு உறுதி தரும் லிக்னின், இயற்கை உருவாக்கிய மிகக் கடினமான மூலக்கூறுகளுள் ஒன்று. அதற்கு ஒழுங்கான அமைப்பு கிடையாது. பென்சீன் வளையங்கள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். ஒரு பூட்டுக்கு ஒரு திறவுகோல் என்ற முறையில் இயங்கும் சாதாரண நொதிகளால் அதை உடைக்க முடியாது. வெண்ணழுகல் பூஞ்சைகள் என்ற கூட்டம் இதற்கு வேறு வழி கண்டது. இவை தங்கள் இழைகளுக்கு வெளியே நொதிகளைச் சுரக்கின்றன. அந்நொதிகள் மிகுந்த வினைத்திறன் கொண்ட துகள்களை உண்டாக்க, அத்துகள்கள் எதிர்ப்படும் வளையங்களையெல்லாம் தாக்கிச் சிதைக்கின்றன. லிக்னின் சிதைந்த மரம் வெளுத்து நார்நாராகிவிடும். அதனால்தான் வெண்ணழுகல் என்ற பெயர். நாம் உண்ணும் சிப்பிக் காளானும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே.

குறி பார்க்காமல் தாக்கும் இந்தப் பண்பே நஞ்சு நீக்கத்திற்கு வாய்ப்பாகிறது. கிரியோசோட்டின் மூலக்கூறுகளும் பென்டாகுளோரோபீனாலும் வளைய அமைப்பு கொண்டவை. லிக்னினுக்காகச் சுரக்கப்பட்ட நொதிகள் இவற்றையும் உடைக்கின்றன. 1985-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெண்ணழுகல் பூஞ்சை டி.டி.டி., டயாக்சின் உள்ளிட்ட பிடிவாதமான நஞ்சுகளைக் கரியமில வாயு வரை சிதைக்கக்கூடியது எனக் காட்டினர். பூஞ்சை கொண்டு நிலத்தைத் திருத்தும் துறைக்கு அந்த ஆய்வு ஒரு தொடக்கமாக அமைந்தது. பென்டாகுளோரோபீனால் கலந்த மண்ணிலும் பின்னர் களச் சோதனைகள் நடந்தன.

செய்முறை கேட்பதற்கு எளிது. வைக்கோலிலோ மரத்தூளிலோ பூஞ்சையை வளர்த்து, அதைத் தூளாக்கிய மரக்கழிவிலோ மண்ணிலோ கலக்க வேண்டும். ஈரமும் காற்றும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரங்களோ மாதங்களோ காத்திருக்க வேண்டும். பெரிய உலைகளோ மிகுந்த மின்சாரமோ தேவையில்லை. எரிப்பதைவிடச் செலவு குறைவு. இவை மெய்யான நன்மைகள். இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆயினும் மூன்று எல்லைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆய்வகக் குடுவையில் தனியாக வளரும் பூஞ்சை, திறந்த வெளியில் மண்ணின் பிற உயிர்களோடு போட்டியிட வேண்டியிருக்கிறது. அங்கே அதன் வேகம் குறைகிறது. நஞ்சின் செறிவு ஓர் அளவைத் தாண்டினால் பூஞ்சையே மடிந்துவிடும். மூன்றாவது எல்லை மிக முக்கியமானது: நஞ்சு மறைந்தது என்பதும் நஞ்சு சிதைந்தது என்பதும் ஒன்றல்ல. பென்டாகுளோரோபீனாலில் ஒரு பகுதியைச் சில பூஞ்சைகள் பென்டாகுளோரோஅனிசோல் என்ற வேறொரு பொருளாக மாற்றிவிடுகின்றன. அதுவும் குளோரின் நிறைந்தது. கொழுப்பில் கரைந்து உயிரிகளின் உடலில் சேரக்கூடியது. முதல் நஞ்சை மட்டும் அளந்துவிட்டு 'இத்தனை விழுக்காடு நீங்கியது' என்று எழுதப்படும் அறிக்கையை ஏற்பதற்கு முன், அது என்னவாக மாறியது என்று கேட்க வேண்டும்.

உலோகம் அழிவதில்லை

சி.சி.ஏ. ஊட்டிய மரத்திற்கு வரும்போது கதை அடியோடு மாறுகிறது. ஆர்செனிக்கும் குரோமியமும் செம்பும் தனிமங்கள். மூலக்கூறை உடைக்கலாம், தனிமத்தை எந்தப் பூஞ்சையாலும் எந்தத் தீயாலும் உடைக்க முடியாது. அதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்தலாம், அவ்வளவுதான்.

அந்த நகர்த்தலைப் பழுப்பழுகல் பூஞ்சைகள் திறமையாகச் செய்கின்றன. இவை லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டுச் செல்லுலோசை உண்பவை. இவற்றில் பல, ஆக்சாலிக் அமிலத்தை மிகுதியாகச் சுரக்கின்றன. அவ்வமிலம் மரநாரோடு பிணைந்திருக்கும் ஆர்செனிக்கையும் குரோமியத்தையும் பிரித்து நீரில் கரையச் செய்கிறது. செம்போடு அது சேரும்போது கரையாத உப்பாகப் படிந்துவிடுவதால், செம்பை வெளியேற்றுவது கடினமாகிறது. செம்பின் நச்சுத்தன்மையை இந்தப் பூஞ்சைகள் தாங்குவதற்கும் அதுவே ஒரு காரணம்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகத்தில் கரோல் கிளாசன் 2000-ஆம் ஆண்டளவில் இரண்டு கட்ட முறையொன்றைச் சோதித்தார். தூளாக்கிய மரத்தை முதலில் ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைத்து, பின்னர் உலோகத்தைத் தாங்கும் ஒரு பாக்டீரியாவிடம் விட்டார். குரோமியத்திலும் ஆர்செனிக்கிலும் 90 விழுக்காட்டிற்கு மேலும், செம்பில் ஏறத்தாழ முக்கால் பங்கும் மரத்திலிருந்து வெளியேறின. ஜப்பானில் பழுப்பழுகல் பூஞ்சைகளை நேரடியாகப் பயன்படுத்திய ஆய்வுகளும் ஊக்கம் தரும் முடிவுகளைக் காட்டின. எஞ்சும் மரநாரைப் பலகையாக அழுத்திப் பயன்படுத்தலாம் என்பது இத்தகைய ஆய்வுகளின் எதிர்பார்ப்பு.

ஆனால் வெளியேறிய உலோகம் எங்கே போயிற்று? கரைசலில் இருக்கிறது. முன்பு ஒரு மரக்கட்டைக்குள் பூட்டப்பட்டிருந்த ஆர்செனிக் இப்போது எளிதில் கசியக்கூடிய நீராக ஒரு தொட்டியில் நிற்கிறது. அந்நீரிலிருந்து உலோகத்தை மீட்க வேண்டும், அல்லது சேறாக வீழ்த்திக் கசிவற்ற குழியில் அடைக்க வேண்டும். அந்தக் கடைசிக் கட்டம் நடக்காவிட்டால் முழுச் செயலும் நஞ்சைப் பரப்பும் செயலாகவே முடியும். திறந்தவெளியில் மரக்கழிவைக் குவித்துப் பூஞ்சை தூவிவிட்டு மழைக்கு விட்டுவிட்டால், அடியில் இருக்கும் கிணற்றுக்கு ஆர்செனிக்கை நாமே அனுப்பிவைக்கிறோம் என்று பொருள்.

காற்றின் வழியும் உண்டு. 1890-களில் இத்தாலிய மருத்துவர் பார்த்தலோமியோ கோசியோ, ஆர்செனிக் கலந்த பச்சை நிறமியால் அச்சிட்ட சுவர்த்தாள்கள் ஈரமான அறைகளில் நச்சு வாயுவை வெளிவிடுவதை ஆராய்ந்து, சுவரில் வளரும் பூஞ்சையே அதற்குக் காரணம் எனக் கண்டார். அது டிரைமெதில் ஆர்சின் என்ற வாயு என்பதை 1930-களில் பிரிட்டனில் ஃபிரடெரிக் சாலஞ்சர் உறுதிப்படுத்தினார். எந்தப் பூஞ்சை, எந்தக் கழிவு என்று பாராமல் 'இயற்கை முறை' என்ற சொல்லையே பாதுகாப்புச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது பழைய எச்சரிக்கை. இதோடு இன்னொன்றும்: உலோகத்தை உறிஞ்சும் காளான்கள் உண்டு. இத்தகைய கழிவில் முளைத்த காளான், அது சிப்பிக் காளானே ஆனாலும், உணவாகக் கூடாது.

கழிவு யாரிடம் போய்ச் சேர்கிறது?

மரக்கழிவைக் கண்டால் எளிய மக்கள் அதை விறகாகக் காண்பது இயல்பு. சி.சி.ஏ. மரம் எரியும்போது ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையோடு போகிறது. மிச்சம் சாம்பலில் செறிகிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஊர்ப்புறத்தில் ஒரு குடும்பம் குளிர்காலம்தோறும் தோல் தடிப்பாலும் முடி உதிர்தலாலும் மூச்சுத் தொல்லையாலும் அவதியுற்றது. வீட்டைச் சூடாக்கும் அடுப்பில் அவர்கள் எரித்த சி.சி.ஏ. மரமே காரணம் என்பதை மருத்துவர்கள் கண்டறிந்து, 1984-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினர். ஆண்டுக்கணக்கில் நீடித்த நோய் அது. எந்த மரத்தை எரிக்கக் கூடாது என்று அந்த மரத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் பகுதியைச் சூறையாடியபோது, இடிபாடுகளில் சுமார் 1.2 கோடி கனமீட்டர் மரக்கழிவு இருந்ததாகவும், அதனோடு ஏறத்தாழ 1,740 டன் ஆர்செனிக் குப்பை நிலங்களுக்குச் சென்றதாகவும் புளோரிடாவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். அதே புளோரிடாவில், மறுபயன்பாட்டு மரத்தை அரைத்துச் செடிகளுக்கு மூடாக்காக விற்ற தூளிலும் சி.சி.ஏ. மரம் கலந்திருந்தது ஆய்வுகளில் தெரியவந்தது. பச்சை நிறத்தை மறைக்க, தூளின் மேல் ஏற்றும் செயற்கைச் சாயமே போதுமானதாயிற்று. அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளோ, ஆர்செனிக் ஊட்டிய மரத்தை அதன் இயல்பான பயன்பாட்டிற்குப் பின் கழிவாக எறிபவருக்கு அபாயக் கழிவு விதிகளிலிருந்து விலக்கு அளித்துள்ளன. ஆர்செனிக்கின் அளவு மாறவில்லை. சட்டத்தில் அதன் பெயர் மட்டும் மாறியது.

நச்சுக் கழிவு எந்த மக்களின் வாசலில் இறக்கப்படுகிறது என்ற கேள்வியை உலகறியச் செய்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1982-இல் வடக்குக் கரோலினாவின் வாரன் கவுண்டியில், பி.சி.பி. என்ற நஞ்சு கலந்த மண்ணைப் புதைக்கக் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பகுதி தேர்ந்தெடுக்கப்பட்டபோது, நூற்றுக்கணக்கானோர் சரக்குந்துகளின் முன் படுத்துக் கைதாயினர். சூழலியல் நீதி என்ற சொல்லும் இயக்கமும் அங்கிருந்து வலுப்பெற்றன. வாரன் கவுண்டியையும் ஃபகத்தானேயையும் சேரியையும் ஒரே சரடில் கோப்பது மிகையல்ல என்று நாம் கருதுகிறோம். மூன்றிலும் நஞ்சு இறங்கும் இடத்தை நிலவியல் மட்டும் தீர்மானிக்கவில்லை.

இந்தியாவில் இதற்குச் சாதி என்ற கூடுதல் இறுக்கம் இருக்கிறது. துப்புரவும் குப்பை பொறுக்குதலும் இடிபாடு அகற்றுதலும் விருப்பத்தால் தேர்ந்த தொழில்களாக இல்லை. பிறப்பால் ஒதுக்கப்பட்ட வேலைகளின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. எனவே 'குறைந்த செலவில் தூய்மை' என்ற திட்டம் ஒன்று இங்கே வருமானால், அந்தக் குறைந்த செலவு யாருடைய உடலைக் கொண்டு சாத்தியமாகிறது என்று கேட்காமல் அதை வரவேற்க இயலாது. மரத்தை அரைத்துத் தூளாக்கும்போது எழும் தூசியை மூச்சில் ஏற்பவர் யார்? அமிலத் தொட்டியின் அடியில் தங்கும் சேற்றை வழிப்பவர் யார்? பூஞ்சைக்கு முன்னும் பின்னும் ஒரு மனிதக் கை இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2016-ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் மேலாண்மை விதிகளின் முதல் அட்டவணை, மரக்காப்பு மருந்துகளை ஆலையில் தயாரிக்கும்போது வரும் கழிவுகளைப் பட்டியலிடுகிறது. அந்த மருந்தை உறிஞ்சிய மரம், பல்லாண்டுகளுக்குப் பின் கழிவாகும்போது என்ன ஆகும்? அதற்கு இரண்டாம் அட்டவணையைத்தான் நாட வேண்டும். அது ஆர்செனிக், குரோமியம் போன்றவற்றின் செறிவை வைத்து முடிவு செய்கிறது. அதாவது, யாரேனும் அதை ஆய்வகத்திற்கு அனுப்பி அளந்தால்தான் அது அபாயக் கழிவு. அளக்காதவரை அது வெறும் பழைய மரம். குப்பை மேட்டில் வாழ்பவர் கையில் அந்த ஆய்வக அறிக்கை இருக்கப் போவதில்லை.

தொழில்நோய் இழப்பீட்டிலும் இதே இடைவெளி உண்டு. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஆர்செனிக்காலும் குரோமியத்தாலும் வரும் நோய்களையும், தார் முதலியவற்றால் வரும் தோல் புற்றையும் தொழில்நோய்களாக ஏற்றது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இத்தகைய பட்டியலைத் தொடர்கிறது. ஆனால் இந்நோய்களுக்கு ஒரே முதலாளியிடம் தொடர்ந்து 6 மாதங்களுக்குக் குறையாமல் வேலை செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நாட்கூலிக்கு இடிபாடு அகற்றுபவருக்கும், முதலாளியே இல்லாமல் குப்பை பொறுக்குபவருக்கும் அந்தப் பட்டியல் எட்டாக்கனி.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அனுபவம் நமக்குப் பாடமாக வேண்டும். அது 'அபாயகரமான தூய்மைப்பணி' என்று வரையறுப்பது கழிவுநீர்ச் சாக்கடைகளையும் மலத்தொட்டிகளையும் மட்டுமே. வேதிக்கழிவுத் தொட்டிக்கு அந்த வரையறை நீளவில்லை. சாக்கடை மரணங்களுக்கு 2014-இல் 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 இலட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது. எந்திரங்கள் வந்துவிட்டன என்று அறிவிக்கப்பட்ட பின்பும் மனிதர்கள் குழியில் இறக்கப்பட்டனர் என்பதே இதன் பொருள். தொழில்நுட்பம் இருப்பது ஒன்று. அது யாருக்காக வாங்கப்படுகிறது என்பது வேறு.

நம் கையில் உள்ள கருவிகள் சிலவும் உண்டு. 1996-இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகளின் மாசு தொடர்பாக உச்ச நீதிமன்றம் இரண்டு கோட்பாடுகளை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியென அறிவித்தது: ஐயம் இருக்கும்போதே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு. தோல் பதனிடுதலும் குரோமியம் புழங்கும் தொழிலே. 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, இவ்விரு கோட்பாடுகளையும் பின்பற்றுமாறு தீர்ப்பாயத்தைப் பணிக்கிறது. 15-ஆவது பிரிவின்கீழ் இழப்பீடு கோரலாம். ஆனால் காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். போதிய காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள். புற்றுநோய் வெளிப்பட இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஃபகத்தானேயின் தொழிலாளர்கள் இத்தகைய காலவரம்புக்குள் அடங்கியிருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், 3(1)-ஆவது பிரிவின் 'பி' உட்பிரிவு, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் வாழும் வளாகத்திலோ அதன் வாயிலிலோ அருவருப்பான, தீங்கான பொருளைக் கொட்டுவதைக் குற்றமாக்குகிறது. 'சி' உட்பிரிவு அவர்களின் அண்டைப்பகுதியில் கொட்டுவதைக் குறிக்கிறது. அங்கே துன்புறுத்தும் அல்லது இழிவுபடுத்தும் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். 'எக்ஸ்' உட்பிரிவு அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தைக் கெடுப்பதைக் குற்றமாக்குகிறது. வேதிக்கழிவை இந்த உட்பிரிவுகளின்கீழ் கொண்டுவருவது எளிதல்ல. எனினும் முயலாமலே விட்டுவிட வேண்டியதும் அல்ல. சூழல் குற்றத்தைச் சூழல் சட்டத்தில் மட்டும், சாதிக் குற்றத்தை வன்கொடுமைச் சட்டத்தில் மட்டும் எனப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை வழக்குரைஞர்களாகிய நாமும் கைவிட வேண்டியிருக்கிறது.

பன்னாட்டு அரங்கில் நம் அரசின் நிலைப்பாடும் பதிவாகியுள்ளது. 2015-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின்கீழ் பென்டாகுளோரோபீனாலை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்க்க முற்பட்டபோது இந்தியா எதிர்த்தது. வழக்கமாக ஒருமனதாக முடிவெடுக்கும் அந்த அவை வாக்கெடுப்பு நடத்தி அதைச் சேர்த்தது. மாவோரித் தொழிலாளர்களின் உடலில் எழுதப்பட்ட சான்று உலகின் முன் இருந்த காலம் அது.

எதைக் கோருகிறோம்?

பூஞ்சை வழித் தூய்மையை நாம் எதிர்க்கவில்லை. கிரியோசோட், பென்டாகுளோரோபீனால் போன்ற கரிம நஞ்சுகளுக்கு அது தகுதியான வழி; உலோக நஞ்சுகளுக்கு அது ஒரு பெரிய செயல்முறையின் முதற்கட்டம் மட்டுமே. இந்த வேறுபாட்டை மறைத்து எழுதப்படும் எந்தத் திட்டத்தையும் கேள்விக்குள்ளாக்க வேண்டும். ஒரு நகராட்சியோ நிறுவனமோ இத்தகைய திட்டத்தை முன்வைத்தால் நாம் கேட்க வேண்டியவை இவை.

மரத்தில் இருப்பது எந்த மருந்து என்று சோதித்தார்களா, அறிக்கை பொதுவில் உள்ளதா? இறுதியில் எஞ்சும் நீரும் சேறும் எங்கே போகின்றன, அந்த இடத்தைச் சுற்றி வாழ்வோர் யார்? முதல் நஞ்சை மட்டுமன்றி, அது மாறி உருவாகும் பொருள்களையும் அளக்கிறார்களா? அரைப்பவரும் கிளறுபவரும் நிலையான பணியாளர்களா, ஒப்பந்தக் கூலிகளா? அவர்களுடைய இரத்தமும் சிறுநீரும் ஆண்டுதோறும் சோதிக்கப்படுமா, அப்பதிவு அவர்கள் கையில் தரப்படுமா? அவ்வேலையில் ஒரே சாதியினர் மட்டும் அமர்த்தப்பட்டிருந்தால் அதற்கு என்ன விளக்கம்?

சட்டத்தில் மாற்றம் வேண்டிய இடங்களும் தெளிவாக உள்ளன. மருந்து ஊட்டிய மரம், விற்கும் நாளிலேயே அழியாத முத்திரை பெற வேண்டும். கழிவாகும் நாளில் அது சோதனையின்றியே அபாயக் கழிவாகக் கொள்ளப்பட்டு, அப்படியில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அதை எறிபவர்மீது விழ வேண்டும். காலந்தாழ்ந்து வெளிப்படும் நோய்களுக்கு, நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே காலவரம்பு கணக்கிடப்பட வேண்டும். 6 மாதத் தொடர்பணி என்ற நிபந்தனை கழிவுத் தொழிலாளர்களுக்கு நீங்க வேண்டும்.

கல்லூரித் தோழர்களுக்கு ஒரு சொல். வேதியியலும் நுண்ணுயிரியலும் பயிலும் நம் மாணவர்கள் இத்துறைக்கு வர வேண்டும். ஃபகத்தானேயில் கழிவு கொட்டிய இடங்களை அடையாளம் காட்டியது அங்கே வேலை செய்தவர்களின் நினைவு. பின்னர் அவர்களுடைய சமூகத்தின் கல்வி நிறுவனம் ஆய்விலும் பங்கு கொண்டது. நம் ஊர்களில் எந்தப் பள்ளம் எதைக் கொண்டு மேடாக்கப்பட்டது, எந்தக் கிணற்று நீர் எந்த ஆண்டிலிருந்து சுவை மாறியது என்பதை அறிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு, ஆண்டும் இடமும் குறித்து எழுதி வைப்பதை இன்றே தொடங்கலாம். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. நாளை ஒரு நீதிமன்றத்தில் சான்று கேட்கப்படும்போது அந்தக் குறிப்பேடு நம்மிடம் இருக்க வேண்டும்.